கோயில் கிடா பதினான்கு

ஜூலை 8, 1980
மழை இல்லை; விதைக்கடலை மூட்டையை ஊரில் ஒருவரும் பிரிக்கவில்லை. கடலை போடாவிட்டால் கொடி இல்லை; கொடி இல்லாவிட்டால் கோடையில் ஆடு எதைத் தின்னும்? போன வருடத்துக் கொடிப் போரைச் சுற்றி நடந்து அளந்தேன். எங்கள் இருபத்தாறு ஆட்டுக்கென்றால் சித்திரை வரை ஓட்டலாம். மந்தையில் நிற்பதோ நாற்பது. மீதிப் பதினான்கு கர்த்தருடையவை.

ஜூலை 10
ஈஸ்டர் முடிந்ததும் சபையின் பெரிய வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு கிடாக்குட்டியைக் காணிக்கையாக நேர்ந்து எங்கள் மந்தையில் விடுவார்கள். நவம்பரில், அறுப்பின் பண்டிகையன்று, கோயில் வாசலில் ஏலம். வாசிப்பது அவர்கள் பெயரை. மேய்ப்பதும் புண்ணுக்கு வேப்பெண்ணெய் தடவுவதும் நாங்கள். நல்ல வருடத்தில் சரி. இந்த வருடம்?

நைனாவிடம் சொன்னேன். "ஏலத்த இப்பவே வெக்கச் சொல்லு நைனா. எல்லாரும் ஆட்ட விக்க ஓட்டிக்கினு போனா அப்பால புத்தூர் சந்தையில ஒருத்தன் சீந்த மாட்டான்."

"கோயில் ஆட்டப் பத்தி நாம பேசக்கூடாது. மழ வரும்."

எப்போது என்றேன். முறைத்தார்.

ஜூலை 13, ஞாயிறு
ஆராதனை முடிந்ததும் நானே கமிட்டியிடம் போனேன். செயலர் சத்தியநாதன் வாத்தியார் சிரித்தார். "அறுப்பே இல்லாம அறுப்புப் பண்டிகையாம்மா? நாங்க மழைக்கு ஜெபம் பண்ணிக்கினு இருக்கிறோம். நீ ஏலம் போடச் சொல்ற. இது அவிசுவாசம்."

"ஜெபத்த ஆடு துன்னாதுங்க ஐயா."

நைனா என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார்.

ஜூலை 14
நைனா மந்தையைத் தனியே ஓட்டிப்போனார். நான் பட்டியைக் கூட்டினேன்.

ஜூலை 17
பக்கத்துத் தெரு செல்லியம்மா வீட்டில் இரண்டு கூடை புளியங்கொட்டை கிடைத்தது. வறுத்து இடித்தால் ஆடு தின்னும். "அவிசுவாசிக்கு ஒரு கூட எச்சா" என்றாள். ஊரெல்லாம் பரவிவிட்டது போல.

ஜூலை 20, ஞாயிறு
செய்துவிட்டேன்.

விடிந்ததும் பதினான்கையும் கோயில் வளாகத்துக்குள் ஓட்டிவிட்டுக் கேட்டைச் சாத்தினேன். முதல் மணி அடிப்பதற்குள் குரோட்டன்ஸ் வரிசை வெறும் குச்சி. பிரசங்கத்தின் நடுவே ஒரு கிடா பாடகர் குழுவின் பெஞ்சு வரை வந்து கத்தியது. பெண்கள் பக்கம் முழுக்கச் சிரிப்பு.

"யாரு இத உள்ள விட்டது?" வாத்தியார் வெளியே வந்து கத்தினார்.

"அதுங்க கோயிலுக்கு வந்துச்சிங்க ஐயா. இன்னிக்கு ஒரு நாள் நீங்க மேய்ச்சிப் பாருங்க."

கமிட்டி உட்கார்ந்தது. வாசலில் பதினான்கும் கத்தின. அரை மணி நேரத்தில் முடிவு: ஆகஸ்ட் 10 ஏலம். வாத்தியார் அதற்கு 'விசுவாச ஸ்தோத்திரப் பண்டிகை' என்று பெயர் வைத்தார். வைக்கட்டும்.

வீட்டில் அடி விழும் என்று நினைத்தேன். "பதினாலும் தண்ணி குடிச்சிதா?" நைனா கேட்டது அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 10
புத்தூர் வியாபாரிகள் மூவர் வந்தார்கள். மதியத்துக்குள் பதினான்கும் போயின. லாரி கிளம்பும்போது நைனா எங்கள் கிழட்டு ஆடுகள் நான்கை அவராகவே ஓட்டிவந்து ஏற்றினார். அதில் ஒன்று அவர் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தது. நான் கேட்கவே இல்லை. என் பக்கம் பார்க்காமலே வீட்டுக்கு நடந்தார். இந்தக் கணக்கு எனக்குத் தெரிந்திருந்தது. அந்த முகம் தெரிந்திருக்கவில்லை.

நவம்பர் 9
ஐப்பசியும் காய்ந்தது. சந்தைக்கு ஆடு ஓட்டிப்போனவர்கள் அதையே திரும்ப ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். தெருவில் யாரும் என்னை அவிசுவாசி என்பதில்லை. அதில் ஒரு சந்தோஷமும் இல்லை.

பிப்ரவரி 22, 1981
முதல் குட்டி. பெட்டை.

ஏப்ரல் 20, திங்கள்
நேற்று ஈஸ்டர். கொடிப் போர் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. பெரிய ஆடு இருபத்திரண்டும் நிற்கின்றன, எலும்போடு.

காலையில் வாத்தியார் சைக்கிளில் வந்தார், கக்கத்தில் ஒரு கிடாக்குட்டி. "ஏசுரத்தினம், இந்த வருசக் காணிக்க" என்று நீட்டினார்.

நைனா கை நீட்டவில்லை. ஆட்டின் குளம்பில் குத்திய முள்ளை எடுத்துக்கொண்டே கேட்டார்:

"இது துன்றதுக்கு என்னா கொண்டாந்தீங்க ஐயா?"

வாத்தியார் குட்டியோடு சைக்கிளைத் திருப்பினார். சாயங்காலம் குட்டி மறுபடி வந்தது. கேரியரில் ஒரு கட்டு கொடி.