கல்லறை வேண்டாம் என்றவர்

கொட்டிவாக்கம்
6.10.2024

அன்புள்ள அல்போன்சா,

போனில் பேசினால் இருவருக்கும் குரல் உயர்ந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். முழங்கால் வலி தேவலையா?

என் நெஞ்சில் இன்னொரு அடைப்பு இருக்கிறதாம். மருந்திலேயே பார்ப்போம் என்கிறார் டாக்டர். என் உடம்பை மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக்கொடுக்கத் தீர்மானித்துவிட்டேன். மனைவியும் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டுமாம். தாளை இத்துடன் வைத்திருக்கிறேன்.

மீன்காரத் தங்கபுஷ்பம் நேற்றும் கேட்டாள்: "இன்னா சார், அக்கா இன்னும் மயிலாப்பூர்லயே கீறாங்களா?" சங்கரா மீனை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினேன். குழம்பு உன் பக்குவத்துக்கு வரவில்லை.

உன்
விக்டர்

மயிலாப்பூர்
11.10.2024

சோஃபியா அப்பாவுக்கு,

ஆண்டவர் அருளால் இங்கே சுகம். இந்த வரியைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

அடைப்பு என்று சொல்லிவிட்டு மீன் குழம்புக்குப் போய்விட்டீர்களே! மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறீர்களா?

கையெழுத்துப் போட மாட்டேன். மகள் கல்யாணத்தன்று கோயில் வாசலோடு நின்றுவிட்டீர்கள். அப்பா கையைப் பிடித்து நடக்க வேண்டியவள் மாமன் கையைப் பிடித்து நடந்தாள். அது தாங்காமல்தான் அண்ணன் வீட்டுக்கு வந்தேன். இப்போது கல்லறையும் வேண்டாமா? என் அப்பா பக்கத்தில் நம் இருவருக்கும் இடம் இருக்கிறது. கல்லறைத் திருநாளில் எல்லாரும் பூவும் மெழுகுவர்த்தியுமாகப் போகும்போது, நான் எங்கே போய் நிற்பேன்?

அல்போன்சா

கொட்டிவாக்கம்
17.10.2024

அன்புள்ள அல்போன்சா,

என் கோபம் உன் ஜெபத்தின்மேல் இல்லை. ஆற்றோரக் குடிசைகளை இடித்த வாரம், "பொறுத்துக்கொள்ளுங்கள், விண்ணகத்தில் உங்களுக்கு வீடு உண்டு" என்று பூசையில் பிரசங்கம் கேட்டோமே, நினைவிருக்கிறதா? இடித்தவனுக்கு அதைவிட வசதியான வார்த்தை ஏது? அங்கே தருவதாகச் சொல்லி, இங்கே கேட்க விடாமல் செய்கிறார்கள். அதோடு நான் கோயிலுக்குள் போவதை விட்டேன்.

எனக்கு உடம்புதான் எல்லாம். அது நின்றால் நான் இல்லை. படிக்கிற பிள்ளைகளுக்காவது உதவட்டும்.

சாயங்காலங்களில் நீ ஜெபமாலை சொல்லும் முணுமுணுப்பு இல்லாமல் வீடு வீடாகவே இல்லை. சிரிக்காதே. காது பழகிவிட்டது.

விக்டர்

மயிலாப்பூர்
24.10.2024

சோஃபியா அப்பாவுக்கு,

சிரிக்கவில்லை. அந்த வரியைப் படித்து அழுதேன்.

அந்தப் பிரசங்கம் எனக்கும் ஆகவில்லை. ஃபாதரிடமே போய்ச் சொன்னேன். ஆனால் அதே கோயில் ஹாலில்தான் அந்தச் சனங்கள் மழைக்கு ஒதுங்கினார்கள். ஒருத்தி சொன்னாள்: "சாமியாண்ட அழுதா மனசு கொஞ்சம் லேசா கீது டீச்சர்." வீடு கிடைத்திருந்தால் அவள் அழவே வேண்டியிருக்காது என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். கிடைக்கிற வரைக்கும் அவள் எங்கே போய் அழுவாள்? அதற்கு உங்களிடம் பதில் இருந்தால் சொல்லுங்கள், கேட்கிறேன்.

உங்களை மோட்சத்தில் பார்ப்பேன் என்றுதான் இன்னமும் நம்புகிறேன். அதனால் என்னால் காத்திருக்க முடியும். நீங்கள் எதை நம்பிக் காத்திருக்கிறீர்கள்? உடம்புதான் எல்லாம் என்றால், அதைக் கொட்டிவாக்கத்தில் தனியாக வைத்துக்கொண்டு என்ன செய்கிறீர்கள்?

கையெழுத்துப் போட்டுவிட்டேன். தபாலில் அனுப்பவில்லை, நானே எடுத்து வருகிறேன். ஞாயிறு பூசை முடிந்ததும் பெட்டியோடு பஸ் ஏறுகிறேன்.

பிள்ளைகள் பிறகு படித்துக்கொள்ளட்டும். அதுவரை அந்த உடம்பு எனக்கு வேண்டும்.

உங்கள்
அல்போன்சா