கடலுக்கு வெளியே ஒரு கை

ஆகஸ்ட் 5

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். இனி இங்கே நடக்கும் எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறேன். போனில் அம்மா "நல்லா இருக்கா, நல்லா இருக்கா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாள். அது பாதி உண்மை. மீதியை நான் எழுதுகிறேன்.

நம் வாண்டுவுக்கு ஆஸ்பத்திரியில் வாரத்தில் மூன்று நாள் காலில் கட்டு மாற்றுகிறார்கள். வலிக்கு மருந்து கொடுத்து அரை மணி நேரம் கழித்துத்தான் தொடங்குவார்கள். அப்படியும் பழைய துணி புண்ணோடு ஒட்டியிருக்கும். அதை நனைத்து நனைத்து எடுக்கும்போது அவள் கத்துவது லிஃப்ட் வரைக்கும் கேட்கிறது. போன வாரம் அம்மா மயங்கி விழுந்து, அவளுக்கே ஒரு கட்டில் தேட வேண்டியதாகிவிட்டது. அதனால் பள்ளியில் அனுமதி வாங்கிக்கொண்டு நான் உள்ளே நிற்கிறேன்.

நேற்று ஒரு புது விஷயம். தலையில் மாட்டும் பெரிய கண்ணாடி ஒன்றை ஒருவர் கொண்டுவந்தார். குழந்தைகளுக்கு உடற்பயிற்சி சொல்லித் தருபவர். உங்கள் வயது இருக்கும். வாண்டு உடனே அவருக்குக் 'கண்ணாடி மாமா' என்று பெயர் வைத்துவிட்டாள். அதை மாட்டிக்கொண்டால் சுற்றிலும் கடல். தலையைத் திருப்பிய பக்கமெல்லாம் மீன். ஒரு மீனையே உற்றுப் பார்த்தால் அது கூடைக்குள் வந்து விழும்.

"மூளைக்கு ஒரே நேரத்துல ரெண்டு வேலை பார்க்க வராதும்மா. மீனைப் பார்த்துக்கிட்டிருந்தா வலியை அவ்வளவா பார்க்காது" என்றார் மாமா.

அவள் கத்தவே இல்லை என்று எழுத மாட்டேன். நான்கு முறை கத்தினாள். முன்பெல்லாம் எண்ணவே முடியாது. நடுவில், "அக்கா, ஒரு மீன் என்னையே மொறைக்குது" என்றாள். "நீயும் மொறைடி" என்றேன். எப்போதும் கடுகடுவென்று இருக்கும் பெரிய சிஸ்டரே சிரித்துவிட்டார்.

கண்ணாடியைக் கழற்றியதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "அப்பா எப்ப வருவார்?"

எப்போது வருவீர்கள்?

இப்படிக்கு,
உங்கள் மூத்தவள்


ஆகஸ்ட் 11

அன்பு மகளுக்கு,

கடிதம் கிடைத்தது. உன் கையெழுத்து என்னுடையதைவிட அழகாகிவிட்டது. அந்த மாமாவுக்கு என் நன்றியைச் சொல்.

இங்கே பாலத்துக்குத் தூண் ஏற்றும் வேலை நடக்கிறது. கிரேனை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு வர முடியாது. வாண்டுவுக்கு ஒரு பொம்மை அனுப்பியிருக்கிறேன்.

ஒன்று சொல்கிறேன், தப்பாக நினைக்காதே. லிஃப்ட் வரைக்கும் கேட்கிறது என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்த அன்று என்னால் கிரேனில் ஏற முடியவில்லை. அரை நாள் லீவு போட்டேன். அதையெல்லாம் எழுத வேண்டாம்மா. வேளாவேளைக்குச் சாப்பிடு. அம்மாவைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அப்பா


ஆகஸ்ட் 16

அன்புள்ள அப்பாவுக்கு,

பொம்மை வந்தது. அதற்கும் காலில் கட்டுப் போட்டாகிவிட்டது.

அரை நாள் லீவு கிடைக்கிறதென்றால் நான்கு நாளும் கிடைக்கும். இங்கே இருப்பது உங்களுக்குச் சரியாகத் தெரிந்தால் கிளம்பிவிடுவீர்கள் என்று நினைக்கிறேன். அதனால் என் ஸ்கேலால் புண்ணை அளந்தேன். வலது தொடையிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை இருபத்திரண்டு சென்டிமீட்டர். ஓரங்களில் ரோஜா நிறம், நடுவில் இன்னும் ஈரம்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அன்று காலை நான் கூடத்தில்தான் இருந்தேன். வெந்நீர் வாளி உங்கள் கையில் இருந்தது. போனைத் தோளில் இடுக்கிப் பேசிக்கொண்டே வந்தீர்கள், வாண்டு குறுக்கே ஓடிவந்தாள். யாரும் உங்களைத் திட்டவில்லை. கை தவறிவிட்டது என்றுதான் அம்மா டாக்டரிடமும் சொன்னாள். ஆனால் லீவு முடிந்துவிட்டது என்று சொல்லி மூன்றாம் நாளே போய்விட்டீர்கள். இன்னும் ஆறு நாள் இருந்தது அப்பா. காலண்டரில் வட்டம் போட்டவளே நான்தான்.

வாண்டு தினமும் கேட்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் மூத்தவள்


ஆகஸ்ட் 22

மகளே,

நீ எழுதியது எல்லாம் சரி. அதனால்தான் வர முடியவில்லை. என்னைப் பார்த்தால் அவளுக்கு அந்த வாளிதான் ஞாபகம் வரும். ஸ்கேல் என்ற இடத்துக்கு மேல் உன் கடிதத்தை என்னால் படிக்க முடியவில்லை. மிச்சத்தை நேற்றுதான் படித்தேன். இனி நல்லதை மட்டும் எழுது.

அப்பா


ஆகஸ்ட் 27

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்களை வரவழைக்கத்தான் அளந்து எழுதினேன். அதுவே உங்களைத் துரத்தும் என்று எனக்குத் தோன்றவில்லை. என் தப்புதான்.

நல்லது: புண் ஆறி வருகிறது. இனி வாரம் ஒருமுறை கட்டு மாற்றினால் போதும். இன்னொரு நல்லது: இன்று வாண்டு ஒருமுறைகூடக் கத்தவில்லை.

எப்படி என்று சொல்கிறேன். கண்ணாடியை மாட்டியதும், "அக்கா, அப்பா வந்துட்டாரா?" என்றாள். வழக்கமாக "இன்னும் இல்ல" என்பேன். இன்று என்ன ஆனதோ, "வந்துட்டார்டி, இதோ உன் பக்கத்துலதான் நிக்கிறார்" என்றேன். அவள் கடலுக்குள்ளிருந்தபடியே கையை வெளியே நீட்டினாள். கண்ணாடி மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தன் கையைக் கொடுத்தார். முடியும்வரை அவள் அதை விடவில்லை. கழற்றுவதற்கு முன்பு மாமா வெளியே போய்விட்டார். "வேலைக்கு நேரமாச்சுன்னு அப்பா கிளம்பிட்டார்" என்றேன். தலையை ஆட்டினாள்.

எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. அடுத்த வியாழக்கிழமை பதினொரு மணிக்குக் கட்டு மாற்றுகிறார்கள். நீங்கள் வந்துவிட்டால் போதும், நான் சொன்னது பாதியாவது உண்மையாகிவிடும். வேறு எதுவும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மூத்தவள்


செப்டம்பர் 3

அப்பாவுக்கு,

பதினொன்றரை வரை காத்திருந்தோம். "இன்னும் யாராவது வரணுமா?" என்று பெரிய சிஸ்டர் கேட்டார். இல்லை என்றேன்.

வாண்டு கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். ஆனால் எதுவும் கேட்கவில்லை. நானாகத்தான் "அப்பா..." என்று ஆரம்பித்தேன்.

"வேணாம்க்கா. அன்னைக்கே தெரியும். அது மாமா கை."

"அப்புறம் ஏன்டி சொல்லல?"

"நீ அவ்வளவு சந்தோஷமா சொன்னியே."

மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வாண்டு, "நீ கையைக் குடு. சின்னக் கைதான், பரவாயில்ல. பேசாம இரு, மீன் ஓடிடும்" என்றாள்.

இரண்டு முறை கத்தினாள். முடிந்ததும் கண்ணாடியைத் தானே கழற்றி மாமாவிடம் கொடுத்தாள். நீங்கள் எப்போது வருவீர்கள் என்று இன்று அவள் கேட்கவில்லை. இனிமேல் கேட்பாள் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

உங்கள்மேல் கோபமில்லை. ஆனால் இனி எழுத மாட்டேன். நல்லதை மட்டும் எழுத எனக்கு வராது. மற்றதைப் படிக்க உங்களுக்கு வராது. அம்மா போனில் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டு மாற்றும் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வாண்டு என் மடியில் தூங்கிவிட்டாள். இன்றைக்கு வேறு குழந்தைகள் யாரும் இல்லையாம். பெரிய சிஸ்டர் உள்ளே விளக்குகளை அணைத்துவிட்டார்.