அடுப்பில் இரண்டாவது பானை

அன்பு மகள் நெரிஸுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் அண்ணன் கெதினும் சௌக்கியம், ஆடுகள் சௌக்கியம், மழை எங்கள் எல்லோரையும்விடச் சௌக்கியம், ஒரு நாள் தவறாமல் மலையிறங்கி வந்து பார்த்துவிட்டுப் போகிறது. நீ சுகமா என்று கேட்டு எழுதுவதுதான் முறை, ஆனால் போன வாரம் போனில் நீ அழுத அழுகையைக் கேட்ட பிறகு அதை எப்படிக் கேட்பேன். சொல்ல வேண்டியதைக் கொட்டிவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாய், திரும்பக் கூப்பிட்டால் எடுப்பதும் இல்லை. சரி, கடிதம் எழுதினால் நீ குறுக்கே வைத்துவிட முடியாதல்லவா, உட்கார்ந்து முழுசாகப் படி.

நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா பார். அந்தக் கனடாத் தீவில் நீ வீடு வீடாகப் போய்ப் பார்த்துக்கொள்ளும் நோயாளிகளில் ஒரு பெரியம்மா இறந்துபோனார். அடக்கம் முடிந்த மறுநாள் அவர் கணவர் தன் கையாலேயே ஆட்டுக்கறி சமைத்து, மனைவியின் தட்டிலேயே உனக்குப் பரிமாறிவிட்டு எதிரில் உட்கார்ந்தார். ஒன்பது வயதிலிருந்து கறி தொடாத நீ அதைச் சாப்பிட்டாய். "அம்மா, அது ருசியா இருந்துச்சு, அதைத்தான் என்னால தாங்க முடியல" என்றாய். அதற்கப்புறம் நீயாகவே கடையில் வாங்கிச் சாப்பிட்டாயாம், இத்தனை வருஷம் கடைப்பிடித்தது வெறும் வீம்புதானாம், எந்த முகத்தோடு கிறிஸ்துமஸுக்கு வந்து அப்பா எதிரில் உட்காருவது, டிக்கெட்டை ரத்து செய்யப்போகிறாயாம். அடி பைத்தியக்காரி.

இதை எழுதும்போது அடுப்புப் பக்கமே கண் போகிறது. தாய் செத்த ஆட்டுக்குட்டிகளை அப்பா கோட்டுக்குள் பொத்திக் கொண்டுவந்து அந்த அடுப்படிப் பெட்டியில்தான் விடுவார், புட்டிப்பால் கொடுப்பது உன் வேலை. பெயர் மட்டும் வைக்கக் கூடாது, அது இந்த மலையில் எல்லா வீட்டுக்கும் சட்டம், சந்தைக்குப் போகிற குட்டிக்கு எதற்குப் பெயர். நீ கேட்டால்தானே? மூக்கில் கறுப்புப் புள்ளி இருந்த பெட்டைக் குட்டிக்குப் பொத்தான் என்று பெயர் வைத்தாய். சந்தைக்கு ஏற்றிப்போக லாரி வந்த அன்று வாசல் கேட்டை மறித்துக்கொண்டு நின்றாய், அப்பாவும் சரி, பெட்டைதானே, நாளைக்குக் குட்டி போடும், மந்தையோடு கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார். பிள்ளை ஜெயித்துவிட்டது, விஷயம் முடிந்தது என்று நினைத்தோம். அன்றைச் சாப்பாட்டில் நீ தட்டைத் தள்ளிவிட்டு, "மத்ததுக்கெல்லாம் நான் பேர் வெக்கல, அவ்ளோதானே வித்தியாசம்" என்றாய்.

உன் அப்பா கேலியில் இறங்கினார். "ஏன்டி, உன் ஸ்வெட்டர் எந்த மரத்துல காய்ச்சுது? பாலைக் குடிக்கிறியே, காளைக்கன்னு எங்க போச்சுன்னு கேட்டியா? கால்ல போட்டிருக்கியே, அது என்ன முட்டைக்கோஸா?" என்று அவர் கேட்கக் கேட்க, கெதின் விழுந்து விழுந்து சிரித்தான். மறுநாள் நீ தோல் ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு ரப்பர் பூட்ஸை மாட்டினாய். பள்ளிக்கூடத்துக்கும் அதுதான், வெயிலிலும் அதுதான், தேவாலய ஆண்டு விழாவில் வெள்ளைக் கவுனுக்குக் கீழே சாணி அப்பிய ரப்பர் பூட்ஸோடு மேடையேறி வசனம் ஒப்பித்தாய். பக்கத்துப் பண்ணை மோர்விட் என் காதருகே குனிந்து, "எலுனெட், பிள்ளைக்கு ஒரு ஷூ வாங்கவா வக்கில்ல?" என்றாள். அன்றைக்கு மானம் போயிற்று, இன்றைக்கு நினைத்தால் சிரித்துக்கொண்டே அழுகிறேன். பாலையும் வெண்ணெயையும் மட்டும் உன்னால் விட முடியவில்லை. "அப்பா கேக்கறது சரிதாம்மா, முழுசா முடியல, முடிஞ்ச வரைக்கும் பண்றேன்" என்று அந்த வயதிலேயே சொன்னவள் நீதான், மறந்துவிட்டதா?

அப்போதிருந்துதான் ஞாயிற்றுக்கிழமை வைக்கிற கௌல் சூப் இரண்டு பானையானது. லீக் தண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் கொதித்ததும் உனக்கென்று சின்ன நீலப் பானையில் ஊற்றி வைத்துவிட்டு, பெரிய பானையில் உப்புக்கறித் துண்டையும் ஆட்டெலும்பையும் போடுவேன். நீ ஊரைவிட்டுப் போன பிறகும் பழகிய கை நிற்கவில்லை, இன்னும் இரண்டு பானைதான், உன் பங்கு மறுநாள் கோழிகளுக்கு.

இந்த ஞாயிறு சாப்பாட்டு மேஜையில் விஷயத்தைச் சொன்னேன். கெதின் மேஜையைத் தட்டி, "அப்பாடா, கடைசியில நம்ம வழிக்கு வந்துட்டா! அம்மா, அந்தக் குட்டிப் பானையைத் தூக்கிப் பரண்ல போடு" என்றான். உன் அப்பா சிரிப்பார் என்றுதான் நானும் நினைத்தேன். கரண்டியை வைத்துவிட்டு எழுந்து மழையில் போய்விட்டார். எங்கே போயிருப்பார் என்று எனக்குத் தெரியும், பொத்தானைப் புதைத்த முள்மரத்தடிக்கு. பல்லெல்லாம் விழுந்த பிறகும் "அடுத்த சந்தைக்குப் பாக்கலாம்" என்று சொல்லிச் சொல்லியே அதைக் கடைசி வரை வைத்திருந்தவர் ஆயிற்றே. சொட்டச் சொட்ட நனைந்து திரும்பி வந்து, "லாரியில ஏத்தும்போதெல்லாம், இது சரியான்னு கேக்க நம்ம வீட்டுல ஒருத்தி இருக்கான்னு நெனச்சுக்குவேன். அந்தத் தைரியத்துலதான் ஏத்தினேன். இனிமே யாரு கேப்பா?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்க கேக்க வேண்டிய கேள்விய ஒன்பது வயசுப் பிள்ளை தலையில தூக்கி வெச்சது போதாதா, இன்னும் அவளே சுமக்கணுமா?" என்று கத்திவிட்டேன். இத்தனை வருஷத்தில் அவரிடம் நான் அப்படிக் கத்தியதே இல்லை, நாய்கூட மேஜைக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

அவர் அடுப்பிலிருந்து நீலப் பானையை எடுத்து வந்து தன் கிண்ணத்தில் ஊற்றினார். கெதின் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். இரண்டு கரண்டி குடித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்து, "எலுனெட், இதுல உப்பே இல்லையேடி. இவ்ளோ வருஷமா இதையா குடிச்சா?" என்றார். நான் வாங்கிப் பார்த்தேன், வெந்நீர் மாதிரி இருந்தது. நம் வீட்டுக் கௌலுக்கு உப்பு அந்தக் கறித் துண்டிலிருந்து வருவதுதானே, உன் பானைக்குத் தனியாகப் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள், நான் அதை வாராவாரம் உன் தட்டில் ஊற்றியிருக்கிறேன், நீயும் நன்றாயிருக்கிறது அம்மா என்று துடைத்து வைத்திருக்கிறாய்.

கண்ணே, வீம்புக்கு ஒருத்தி ஒரு மாதம் அதைக் குடிப்பாள், வளர்ந்து பெரியவளாகிற வரைக்கும் குடிக்க மாட்டாள். அது பொய்யில்லை. மனைவியை இழந்தவர் வைத்த தட்டைத் தள்ளாமல் சாப்பிட்டாயே, அதுவும் பொய்யில்லை. இனி சாப்பிடுவாயோ விடுவாயோ, அது உன் பாடு, நான் கேட்க மாட்டேன். டிக்கெட்டை மட்டும் ரத்து செய்யாதே. நீ வந்து எந்தப் பானையிலிருந்து ஊற்றிக்கொண்டாலும் சரி, இரண்டும் அடுப்பில் இருக்கும், இரண்டிலும் உப்பு இருக்கும்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும். கழுத்துக்குத் துணி சுற்றிக்கொண்டு வேலைக்குப் போ. வாசலெல்லாம் ஒரே சேறு, வரும்போது ரப்பர் பூட்ஸ் கொண்டுவர வேண்டாம் என்று அப்பா சொல்லச் சொன்னார், உன் பழையதைக் கழுவிக் கதவோரம் வைத்திருக்கிறார், கால் நுழையாது என்று சொன்னால் கேட்கிறாரா.

என்றும் உன்னை நினைத்திருக்கும்
அம்மா எலுனெட்