மெழுகுத்திரி ஏற்ற ஓர் இடம் கேட்டு

அனுப்புநர்:
வியாகுலம் (வயது 71),
க/பெ. சவரிமுத்து (காலமானவர்),
மாதா கோயில் தெரு, களமருதூர்,
கள்ளக்குறிச்சி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு முதல்வர் அவர்கள்,
பெண்ணைக்கரை மருத்துவக் கல்லூரி.

பொருள்: மகன் ராபின் உடலில் மிச்சம் இருப்பதில் கொஞ்சம் கேட்பதும், என்னை அலையவிட்டதும் குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

1. என் ஒரே மகன் ராபின், பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். சிறுநீரகம் கெட்டு 19.8.2023 சனிக்கிழமை காலை இறந்தான். வயது 39. தன் உடம்பைத் தங்கள் கல்லூரிக்குக் கொடுக்க முன்பே எழுதி வைத்திருந்தான். வண்டி வந்தபோது மருமகள் கிரேஸ் மயங்கிக் கிடந்தாள். கையெழுத்துப் போட்டவள் நான்தான். அதை மாற்றிப் பேச வரவில்லை. அடையாளம்: வலது தொடையில் கம்பி. கல்வராயன்மலைக்குத் தேர்தல் வேலைக்குப் போய், பைக் கவிழ்ந்து, 2019இல் வைத்தது.

2. நான் ஜெபமாலை சொன்னால் அவன் கேலி பண்ணுவான். ஆனால் ஒரு ஞாயிறு தவறாமல் என்னைக் கோயிலில் கொண்டுபோய் விட்டு, பூசை முடியும்வரை வேப்பமரத்தடியில் நிற்பான். கடைசியாகச் சொன்னது: "உயிரு எங்க போவுதுன்னு நீ சொல்லும்மா. உடம்பு இன்னா ஆவுதுன்னு நான் சொல்றேன். சண்டை வேணாம்." சரிடா என்றேன்.

3. நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அவரவர் குழியில் மெழுகுத்திரி ஏற்றுவோம். அந்த வருஷம் பேத்தி ஷீபா திரியை வைத்துக்கினு எல்லாக் குழியையும் சுற்றி வந்து, "அப்பா எதுல ஆயா?" என்றாள். பெயர் எழுதி ஒரு சிலுவை நடலாமா என்று கோயில் உபதேசியாரைக் கேட்டேன். உடம்பே இல்லாதவனுக்குக் குழி எதற்கு, விஞ்ஞானம் கொண்டுபோனதை விஞ்ஞானத்திடம் கேள் என்றார். அவர் தாயார் செத்தபோது மூன்று நாள் என் வீட்டுச் சோறு தின்றவர்.

4. தங்கள் அலுவலகத்துக்கு 6.11.2023, 11.3.2024, 23.6.2025 ஆகிய மூன்று நாளும் இரண்டு பஸ் மாறி வந்தேன். பாடம் முடிந்ததும் ஓர் எலும்பாவது கொடுங்கள் என்றேன். எழுத்தர் செழியன் டீ குடித்துக்கினே, அது மத விஷயம், எங்கள் விதியில் இல்லை, கோயிலில் கேளுங்கள் என்றார். மூன்று தடவையும் உட்காரச் சொல்லவில்லை.

5. கோயில் கல்லூரியைக் காட்டுகிறது. கல்லூரி கோயிலைக் காட்டுகிறது. நடுவில் போய்வருகிறவள் நான். நானும் என் மகனும் ஒரே வீட்டில் முடித்துக்கொண்ட வழக்கு, ஐயா, இது.

6. ஆகவே எலும்பு கேட்கவில்லை. அந்தக் கம்பியைக் கொடுங்கள். அது உடம்பும் இல்லை, பாடமும் இல்லை. எந்த விதியிலும் வராது. நாலு வருஷம் அவனோடு நடந்தது. அவன் அப்பா குழியில் புதைத்துக்கொள்வேன். அதற்கு உபதேசியாரைக் கேட்கப்போவதில்லை.

வருகிற நவம்பர் 2க்குள் கிடைத்தால் ஷீபாவுக்கு ஓர் இடம் காட்டுவேன். பாடம் இன்னும் முடியவில்லை என்றால் அதை ஒரு வரி எழுதித் தெரிவிக்கவும். அவன் வாத்தியார். பாதி வகுப்பில் எழுந்து வரமாட்டான். நான் காத்திருக்கிறேன்.

இடம்: களமருதூர்
நாள்: 13.10.2025

ராபினின் தாய்,
வியாகுலம்