திரும்பி வந்த பிஸ்கட் டப்பா

அன்பு மகளுக்கு, சித்தப்பா எழுதுவது. இதெல்லாம் இப்படித்தான் முடியும் என்று நான் முன்னமே சொன்னேன், கேட்கத்தான் ஆள் இல்லை. இங்கே நானும் சித்தியும் சுகம், அங்கே நீ சுகமா என்று ஆரம்பிக்கலாம் என்றால், நீ எந்த வீட்டில் சுகமாக இருக்கிறாய் என்பதே எனக்குத் தெரியவில்லையே அம்மா.

போன திங்கட்கிழமை தபால்காரர் எங்கள் லேத் பட்டறைக்கு வந்து, நான் உனக்கு அனுப்பிய உப்பு பிஸ்கட் டப்பாவை என்னிடமே நீட்டினார். ஆறு லேத்தும் நின்றுவிட்டன, அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள். மேலே சிவப்பு முத்திரை, இந்த விலாசத்தில் இப்படி ஒருவர் இல்லை என்று. நான் போட்ட முடிச்சு போட்டபடியே இருந்தது. ஆனால் மூன்று வாரம் முன்னால் போனில் நீ என்ன சொன்னாய்? ஒண்ணுகூட மிச்சமில்ல சித்தப்பா, ஆபீஸ்ல பிடுங்கித் தின்னுட்டாங்க, அப்படியே மொறுமொறுன்னு இருந்துச்சு என்று சொன்னாயா இல்லையா? புளுகுவதில் நம் குடும்பத்தில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று இத்தனை நாள் நிம்மதியாக இருந்தேன், அதிலும் மண் விழுந்தது.

அந்த பிஸ்கட்டை நான் சும்மா செய்தேன் என்று நினைக்காதே. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் ஓடுகிறேன், கடையில் பாக்கெட்டில் கிடைப்பதைத் தின்று வயிறு எரிகிறது என்று நீ சொன்னதால் செய்தேன். கோதுமை மாவு, எள், கொஞ்சம் எண்ணெய், உப்பு, தண்ணீர், அவ்வளவுதான், மைதாவும் இல்லை சர்க்கரையும் இல்லை. ஆனால் அதை இரண்டு மில்லிமீட்டருக்குத் தேய்க்க உலகத்தில் எத்தனை பேரால் முடியும்? பட்டறையிலிருந்து கனம் பார்க்கிற வெர்னியர் அளவுகோலைக் கொண்டுவந்து ஓரம் ஓரமாக அளந்தேன், சித்தி தலையில் அடித்துக்கொண்டாள். உப்பிவிடாமல் இருக்க முட்கரண்டியால் ஒவ்வொன்றிலும் ஒன்பது குத்து. முதல் தட்டு கரிந்தது, அது ஓவனின் குற்றம். இரண்டாவது தட்டில் ஒன்றைக் கடித்த பட்டறை முதலாளி, லேத்தை எல்லாம் விற்றுவிட்டு பிஸ்கட் கம்பெனி ஆரம்பிக்கலாமா என்று கேட்டார், நான்தான் வேண்டாம் என்றேன்.

டப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் சித்தி பார்த்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள், இரண்டு நாள் ஒரு வாய் சாப்பிடவில்லை. பதினோரு வயதிலிருந்து உன்னை வளர்த்தவர்களுக்கு நீ படுக்கிற இடம் தெரியக்கூடாதா? வீடு மாறினால் மாறிவிட்டேன் என்று சொல்ல எத்தனை வார்த்தை வேண்டும்? வேலை போய்விட்டதா, யாரோடாவது சேர்ந்து இருக்கிறாயா, எதுவானாலும் சொல், ஒரு அரை மணி நேரம் கத்துவேன், அப்புறம் ஒத்துக்கொள்வேன். கூட இருக்கும் ஆள் லேத் வேலை தெரிந்தவராக இருந்தால் கத்தவும் மாட்டேன். போனில் கேட்டால் நீ இன்னொன்று சொல்வாய், நானும் நம்பித் தொலைப்பேன், அதனால்தான் எழுதுகிறேன். நீ வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த விசிட்டிங் கார்டைப் பார்த்து இதை ஆபீசுக்குப் போடுகிறேன், இதுவும் திரும்பி வந்துவிட்டால் அப்புறம் எனக்குத் தெரிந்த விலாசம் இல்லை.

டப்பாவைத் திறந்து ஒன்றைத் தின்று பார்த்தேன். இன்னும் மொறுமொறுப்பாகத்தான் இருக்கிறது. நீ சொன்னதில் அது ஒன்றுதான் நிஜம். புதிதாகச் செய்து அனுப்புகிறேன், விலாசத்தைக் கதவு எண்ணோடு எழுது, வந்ததும் மூடியை இறுக்கி வை, காற்றுப் பட்டால் நமத்துவிடும். காலையில் நாலு பிஸ்கட்டாவது வயிற்றுக்குள் போகாமல் வாசலைத் தாண்டாதே. எந்த வீட்டில் இருந்தாலும் உடம்பும் மனசும் கெடாமல் நன்றாக இரு.

ஒன்று மட்டும். சித்தி அழுதாள் என்று எழுதினேனே, அது நான் சேர்த்தது. அவளுக்கு எதுவும் தெரியாது. டப்பா பட்டறை அலமாரியில் என் கருவிப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. நீ ஒன்று விடாமல் சாப்பிட்டதாக அவள் இன்றைக்கும் பக்கத்து வீட்டு டீச்சரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்த இரண்டு நாளும் சாப்பிடாதது வேறு ஆள், அவளிடம் வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
பழைய விலாசத்திலேயே இருக்கும்
உன் சித்தப்பா