எடை பார்க்கும் சனிக்கிழமை

ஐயோவா, நவம்பர் 4

அப்பாவுக்கு,

"நாலு வருஷம் உடற்பயிற்சி அறிவியல் படிச்சு கடைசில விசிலா ஊதப் போறே?" என்று கேட்டீர்களே. விசில் ஊதவில்லை.

சனிக்கிழமை, நீங்கள் பயிற்சி தரும் பள்ளி மல்யுத்த அணிப் பையன்களுக்கு, யார் எந்த எடைப் பிரிவில் மோதலாம் என்ற எடைச் சான்று தர வருவது நான்தான். அப்பாவின் பள்ளிக்கு மகள் வேண்டாம் என்றார்கள் சான்று தரும் சங்கத்தார். வம்படியாகக் கேட்டு வாங்கினேன்.

தராசில் ஏறும்முன் சிறுநீர்ச் சோதனை உண்டு. உடம்பில் தண்ணீர் குறைந்திருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

"ரெண்டு பவுண்டுதான், வேர்த்தா போயிடும்" என்று தம்பி பிராடிக்குப் பிளாஸ்டிக் உடுப்பை மாட்டி அன்று ஓடவிட்டீர்கள். அவன் திரும்பி வரவில்லை. அவன் எடைப் பிரிவில் இப்போது யார்?

யாராக இருந்தாலும், ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்துக் கூட்டி வாருங்கள். தம்பி உங்களிடம் கடைசியாகக் கேட்டது அது ஒன்றுதான்.

உங்கள் மகள்