பப்பாளிப் பரீட்சை

தை 15, வியாழன்

காலையில் நல்ல பனி. அம்மாவோடு தஞ்சாவூர் ஆஸ்பத்திரி. முதலில் கண்ணில் பட்டது, பேச்சுப் பயிற்சி அக்காவின் கைக்கண்ணாடி மூலையில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு. அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் அவர் கேட்டது பாதி காதில் விழவில்லை.

குழந்தையிலேயே என் மேல்வாயில் இருந்த அண்ணப் பிளவைத் தைத்துவிட்டார்கள். ஆனால் பேசும்போது, பின்னால் இருக்கிற மெத்தென்ற அண்ணம் மேலே எழும்பி மூக்குவழியை மூட வேண்டுமாம். மூடுகிறதா என்று பார்க்கத்தான் கண்ணாடி. அதை மூக்கின் கீழே பிடித்துக்கொண்டு 'பப்பாளி' சொல்ல வேண்டும். மூக்கில் காற்று ஒழுகினால் ஆவி படியும். படிந்தால், மூக்குவழியே குழாய் கேமரா. பிறகு ஒருவேளை இன்னொரு ஆபரேஷன்.

எனக்குக் குரலே வரவில்லை. எனக்காக அம்மா சொன்னாள். மூன்று தடவை, கணீரென்று.

"உங்க பப்பாளி நல்லாருக்கும்மா. பாப்பாவைச் சொல்ல விடுங்க."

திங்கட்கிழமை மறுபடி வரச் சொன்னார். பஸ்ஸில் அம்மா என் கையை விடவே இல்லை. குழந்தையில் செய்த அந்த ஆபரேஷனில் எனக்கு மயக்கம் தெளிய ரொம்ப நேரம் ஆயிற்றாம். இன்றைக்கும் டெட்டால் வாசனை அவளுக்கு ஆகாது.

தை 16, வெள்ளி

ஜாக்கெட் இரண்டு, கொக்கி பாக்கி. ஒன்றுக்கு நூல் இல்லை.

போன் வந்தது. வழக்கம்போல அம்மா எடுத்தாள். ஒன்பதாவதில் வகுப்பே என்னை மாதிரிப் பேசிக் காட்டியதில் பள்ளிக்கூடத்தை விட்டேன். அதிலிருந்து தையல் போனெல்லாம் அவள்தான். போன மாதம் அளவை மாற்றிச் சொன்னதில், ஒரு ஜாக்கெட்டில் இரண்டு பேர் நுழையலாம்.

ஒரு போனாவது நானே எடுத்துப் பேச வேண்டும். ஆபரேஷன் என்றாலும் சரி. யாரிடமும் சொல்லவில்லை.

தை 17, சனி

வீட்டில் ஒத்திகை. பவுடர் டப்பாக் கண்ணாடி. எனக்குப் பப்பாளிக்கு ஆவி படிந்தது.

அப்பா உடம்பெல்லாம் வைக்கோல் தூசியோடு வந்தார். தானும் பார்க்கிறேன் என்று வாங்கி, 'மாமா' என்றார். கண்ணாடி முழுக்க ஆவி. முகம் வெளுத்துவிட்டது.

"எனக்குமாடி?"

அம்மா பிடுங்கி அவளும் 'மாமா' சொன்னாள். அவளுக்கும். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்கள்.

'ம', 'ன' சொன்னால் எல்லாருக்குமே படியும் என்று அக்கா வியாழனே சொல்லியிருந்தார். அம்மா கவனிக்கவில்லை போல. நான் சொல்லாமல் கொல்லைக்குப் போய்ச் சிரித்தேன்.

தை 18, ஞாயிறு

அப்பா ஓட்டுவது அறுவடை மெஷின். பனிக்காலத்தில் முன்கண்ணாடியில் ஆவி படியாமலிருக்க ஷாம்பு தடவித் துடைப்பார். மத்தியானம் அம்மா அதைப் பற்றி அவரிடம் நிறைய விசாரித்தாள். எவ்வளவு தடவுவது, எவ்வளவு நேரம் தாங்கும்.

சாயங்காலம் அம்மா கையில் ஒரு புதுக் கைக்கண்ணாடி. ஒரு ஷாம்பு பாக்கெட். கிழிந்த வேட்டித் துணி. வீடே மல்லிகை மணம்.

அவளாகவே, "சுத்தமா இருக்கட்டும்னுதான்" என்றாள்.

தை 19, திங்கள்

பனி இல்லை. எங்கள் முறை பதினொன்றாவது.

"ஊர் மூக்கெல்லாம் பட்டது வேணாம் மேடம், எங்களோடதையே வச்சுக்குங்க" என்று அம்மா கண்ணாடியை நீட்டினாள். அக்கா சிரித்துக்கொண்டே வாங்கினார்.

இந்தத் தடவை குரல் வந்தது. பப்பாளி. கண்ணாடி, கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி பளிச்சென்று இருந்தது. மறுபடி சொல்லச் சொன்னார். அப்போதும் அப்படியே. காதுக்கு மூக்கில் வருகிற மாதிரிதான் கேட்கிறது, கண்ணாடி இல்லை என்கிறதே என்று யோசித்தார்.

"கண்ணாடி பொய் சொல்லுமா மேடம்?" என்றாள் அம்மா.

அக்கா பேனாவை எடுத்தார். கேமரா வேண்டாம் என்று எழுதினால் அவ்வளவுதான். அம்மா பிழைத்தாள். நான் காலம் பூராவும் கொக்கி தைக்க வேண்டியது, அவள் போன் பேச வேண்டியது.

"அதுல ஷாம்பு தடவியிருக்கு அக்கா."

அம்மா தரையைப் பார்த்தாள். அக்காவின் பேனா நின்றது.

மேசைமேல் இருந்த பொட்டுக் கண்ணாடியை எடுத்து, நானே மூக்கின் கீழே பிடித்துக்கொண்டு, பப்பாளி என்றேன்.